சொதியோடு ரீஸ்லிங் வைத்தவர்

ஜெசிந்தா இறந்துவிட்டார் என்ற செய்தி எங்கள் பழைய முதலாளியிடமிருந்துதான் வந்தது. வட்ஸ்அப் குழுவில், தன் உணவகத்தின் படத்துக்குக் கீழே, "எமது குடும்பத்தில் ஒருவரை இழந்தோம்" என்று எழுதியிருந்தார். பஸ்ஸில் நின்றபடி வாசித்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஜெசிந்தாவை அறிந்த உங்களுக்கு அந்தக் கோபத்தின் காரணத்தைச் சொல்ல வேண்டும். அதில் என் பங்கும் இருக்கிறது.

மன்னாரிலிருந்து புறப்பட்ட ஜெசிந்தா, கனடாவுக்கு வருமுன் ஒன்பது வருடம் ஜெர்மனியில், மோசல் ஆற்றங்கரைத் திராட்சைத் தோட்டமொன்றில் வேலை செய்தவர். ரீஸ்லிங் என்ற வெள்ளை வைனை, அதிலும் இனிப்பே இல்லாத வகையை, அவரளவு அறிந்தவரை நான் கண்டதில்லை. ஸ்காபரோவில் இருந்த அந்த உணவகத்தில் நான் பரிமாறினேன். அவர் சமையலறையில் வெங்காயம் உரித்தார்.

வைன் விற்க அனுமதி கிடைத்ததும், முதலில் வாங்கிய ரீஸ்லிங்கை நண்டுக்கறியோடுதான் கொடுக்க வேண்டும் என்றார் முதலாளி. விலை கூடிய சாப்பாடு அதுதான். ஜெசிந்தா கத்தியைக் கீழே வைத்தார்.

"அண்ணை, இது புளிப்பு வைன். உறைப்போட குடிச்சால் வாய் இன்னும் எரியும். இறால் சொதியோட குடுங்கோ, தேங்காய்ப்பாலின்ர கொழுப்பை வெட்டும். பொரிச்ச கணவாய்க்குத் தேசிக்காய் பிழியிறம் எல்லோ, அது மாதிரித்தான்."

முதலாளி சிரித்தார். அடுத்த கிழமை சொதியும் கணவாயும் வைனோடு சேர்த்துப் பட்டியலில் இருந்தன.

ஒரு மத்தியானம், பத்திரிகையில் உணவைப் பற்றி எழுதும் பெண்ணொருவர் வந்தார். இடியப்பத்தைச் சொதியில் குழைத்துச் சாப்பிட்டு, ஒரு மிடறு குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். இது யாருடைய யோசனை என்று என்னைக் கேட்டார். முதலாளி பக்கத்தில் நின்றார். இவருடையதுதான் என்று முதலாளியைக் காட்டினேன். திரும்பியபோது, இடியப்பத் தட்டோடு சமையலறை வாசலில் ஜெசிந்தா நின்றிருந்தார்.

பத்திரிகையில் முதலாளியின் படம் வந்தது. மேசைகளுக்கு வைன் ஊற்றத் தன்னையும் விடும்படி ஜெசிந்தா கேட்டார்.

"உம்மட இங்கிலீசோட கஸ்டமருக்கு முன்னால வர ஏலாது பிள்ளை," என்றார் முதலாளி.

ஜெர்மன் மொழியில் சண்டை பிடிக்கவும் செபிக்கவும் தெரிந்தவருக்குக் கிடைத்த பதில் அது. அந்த மாதமே விலகி, மோர்னிங்சைட்டில் ஒரு முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனார். பல்லில்லாதவர்களுக்கு உப்பில்லாத மரக்கறி மசிக்கும் வேலை.

போன வருடம் மீன்கடை வரிசையில் அவரைக் கண்டேன். நன்றாக மெலிந்திருந்தார். அப்போதுதான் மன்னிப்புக் கேட்டேன்.

"பயந்திட்டன், ஜெசிந்தா. வேலை போயிடும் எண்டு."

"எனக்கும் அந்த வேலைதானே இருந்தது," என்றார். "ஒரு பேர் சொல்ல எவ்வளவு நேரம் போகும்?"

மீனை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அஞ்சலி மண்டபத்தில் முதலாளி மைக்கைப் பிடித்து, "நான் பழக்கி எடுத்த பிள்ளை" என்றார். அதற்குமேல் இருக்க முடியவில்லை. எழுந்து போய் நடந்ததைச் சொன்னேன், என் பொய்யையும் சேர்த்து. யாரோ இருமினார்கள். முதலாளி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் ஜெசிந்தாவின் மகள் என் கையைப் பிடித்தாள். "அன்ரி, அம்மாக்கு வைன் பற்றித் தெரியுமா? எங்களுக்கு ஒருநாளும் சொல்லேல்லையே. வீட்டில ஒரு போத்தில் கூட இருந்ததில்லை."

இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது எல்லாம் ஆறிவிட்டதாக முடிப்பது வழக்கம். என்னால் முடியாது. ஜெசிந்தா என்னை மன்னிக்கவில்லை. அவர் எனக்கென்று விட்டுப்போனது அது ஒன்றுதான். அதை நான் வைத்திருக்கிறேன்.