ஜுரம் என்று எழுதிய கடிதம்

தெருச் சங்கச் செயலாளர் பதவியிலிருந்து விலகக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். விதிமுறை தெரிந்தவன் என்று ஆறு வருஷமாக என்னை விடவில்லை. பேனா தானாகவே, ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று எழுதியது.

பள்ளியில் என் லீவு லெட்டர்கள் எல்லாம் அப்படித்தான் தொடங்கும். அதில் ஒன்று எழுதிய நாளில் ஸ்காலர்ஷிப் பரீட்சை. எங்கள் நெசவாளர் தெருவில் தறிக்கான பட்டு நூல் பாவை விரித்துவிட்டார்கள், அதற்குக் கஞ்சி போட ஆளில்லை.

“ஜுரம்னு எழுதுப்பா, வாத்தியார் ஒண்ணும் கேக்க மாட்டாரு,” என்றார் அப்பா.

அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. உண்மையை எழுதியிருக்கலாம். ஆனால் ‘ஆஸ் ஐ ஆம்’ என்பதற்குப் பிறகு எனக்கு ஜுரம் மட்டும்தான் தெரியும்.

இன்றும் வேறு காரணம் தோன்றவில்லை. அப்படியே கொடுத்தேன்.

தலைவர் படித்தார். “உடம்பப் பாத்துக்கோங்க சார். ஜுரம் விட்டதும் வந்துடுங்க.”