சிரிக்காத படம்

உடுமலைப்பேட்டையில் ஓர் அறக்கட்டளை தையல் மெஷின் வழங்கிய விழா. நன்கொடை கேட்கும் நோட்டீஸுக்காக நான் படமெடுத்துக்கொண்டிருந்தேன். கேமராவைத் தூக்கினாலே ஒரு பெண் முந்தானையால் முகத்தை மறைத்தார். போன வருடமே மெஷின் வாங்கியவர். எனக்கு நன்றாக நினைவிருந்தது. இன்னொன்றும் அமுக்கப் பார்க்கிறாரா?

"மறுபடியும் மெஷினா?" என்று எல்லோர் முன்னும் கேட்டுவிட்டேன்.

"இல்லீங்க, பக்கத்தூட்டு அம்மணிக்குத் தொணையா வந்தனுங்க. போன வருசம் சிரிக்காதீங்கன்னு சொல்லிப் படம் புடிச்சீங்கல்ல? அந்த நோட்டீஸைப் பாத்துப்போட்டு, என்ற மகளைப் பொண்ணு கேட்டவங்க, சோத்துக்கில்லாத குடும்பம்னு சொல்லி வேண்டாம்னுட்டாங்க."

மன்னிப்புக் கேட்டேன். அதன்பிறகு அந்த விழாவில் யாரிடமும் சிரிக்காதீர்கள் என்று சொல்லவில்லை.

படங்களைப் பார்த்த அறக்கட்டளைக்காரர் முகம் சுளித்தார். "இப்படிச் சிரிச்சா யாருங்க குடுப்பாங்க?"

போன வருடம் அந்தப் பெண் சிரித்த படத்தை அழித்தபோது, நானும் அதையேதான் சொன்னேன்.