மிச்சம் வராத சென்டர் ஸ்டாண்ட்

நானேக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அது ஆபீஸ் வருகைப் பதிவேட்டைத் தாண்டி வெளியே வந்ததில்லை. தெருவில் கேட்டாலும் சரி, மனைவி வீட்டாரைக் கேட்டாலும் சரி, நானேக்காரர் என்றால்தான் தெரியும். எந்தச் சாமான் பழுதானாலும் "இதுக்குப் போய் ஆளைக் கூப்பிடுவாங்களா? நானே பாத்துக்கறேன்" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். அப்படி வந்த பட்டம் அது.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. ஊரில் உள்ள வயிற்றுவலி, தலைசுற்றல், பிரசவவலி எல்லாம் முதலில் அவர் காதில்தான் வந்து விழும். ஒன்றுக்காவது அவராகப் பதில் சொல்ல முடியுமா? முடியாது. "ஒரு நிமிஷம் இருங்க, கனெக்ட் பண்றேன்" என்று வேறொருவர் தலையில் கட்ட வேண்டும். பகல் முழுக்க எல்லாவற்றையும் அடுத்தவரிடம் தள்ளிவிடுகிற மனிதருக்கு, வீட்டுக்கு வந்தால் ஒரு வேலையையாவது தன் கையால் முடித்துப் பார்க்க ஆசை இருக்காதா? ஆசை இருந்தது. அந்த ஆசையால் வீடு படாத பாடு பட்டது.

ஹாலில் சுழலும் மின்விசிறிக்கு சுவிட்ச் சமையலறையில் இருந்தது. குளியலறைக் குழாய், மூடும் பக்கம் திருகினால்தான் திறக்கும். பீரோவைத் திறக்க வேண்டுமானால் முதலில் கீழ்ப்பக்கம் ஒரு உதை கொடுக்க வேண்டும், பிறகுதான் சாவி. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: எல்லாமே வேலை செய்தன. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஒவ்வொன்றையும் கழற்றி மாட்டிய பிறகு ஒரு திருகாணியோ, வாஷரோ, எதற்கென்றே தெரியாத ஒரு வளைந்த தகடோ மிச்சம் வரும். அவற்றைப் போட்டுவைக்க ஒரு பிஸ்கட் டின் இருந்தது. ஒரே ஒரு முறைதான் மிச்சம் எதுவும் வரவில்லை. அது இஸ்திரிப் பெட்டி. மறுநாளே அது புகைந்து மனைவியின் புதுச் சட்டையைப் பொசுக்கிவிட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு நம்பிக்கை வேரூன்றிவிட்டது. மிச்சம் வந்தால் பயமில்லை.

மனைவிக்கு வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிற வேலை. பைக் அவளுடையது. அதில் சைடு ஸ்டாண்ட் மட்டும்தான். மண் தரையில் நிறுத்தினால் ஸ்டாண்ட் புதைந்து, வண்டி மெல்லச் சாய்ந்து, அவள் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொப்பென்று விழும். ஒரு வீட்டில் பூந்தொட்டிகள் போயின. இன்னொரு வீட்டில் புதுப் பெயின்ட் அடித்த கேட். மேலதிகாரி கூப்பிட்டு, இன்னொரு புகார் வந்தால் உன்னை ஆபீஸுக்குள்ளேயே உட்காரவைத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். வெயிலோ மழையோ, தெருத்தெருவாகச் சுற்றாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. அன்று சாயங்காலமே ஒரு சென்டர் ஸ்டாண்ட் வாங்கி வந்தாள்.

முனைக்கடை மெக்கானிக் மாட்டிக் கொடுப்பான் என்றாள். நானேக்காரர் வழக்கமான வார்த்தையைச் சொன்னார். அவள் சண்டை போடவில்லை. அதுதான் அவருக்குச் சரியாகப் படவில்லை.

"சரி, மாட்டுங்க. ஆனா இது மட்டும் சொதப்பிச்சுன்னா, உங்க டூல்ஸ் பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போயிடும். நான் விளையாட்டுக்குச் சொல்லல."

அந்தப் பெட்டியைக் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியிருந்தார். பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி. ஸ்பேனர்கள் அளவு வாரியாகப் படுத்திருக்கும். வேலை இல்லாத நாளிலும் திறந்து, எண்ணெய்த் துணியால் துடைத்து, மூடி வைப்பார். அது போய்விட்டால் அவர் வீட்டிலும் டெலிபோன் ஆபரேட்டர்தான்.

ஞாயிற்றுக்கிழமை வெளியே தூறிக்கொண்டிருந்ததால் பைக்கை ஹாலுக்குள் கொண்டுவந்தார். மனைவி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அவர் குனிந்து முதல் காரியமாகப் பழைய சைடு ஸ்டாண்டைக் கழற்றிப் பெட்டிக்குப் பின்னால் போட்டார். புதுசு வரும்போது பழசு எதற்கு என்பது அவர் கட்சி. போட்ட பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. பழைய ஸ்டாண்ட் இல்லை. புதிய ஸ்டாண்ட் இன்னும் வரவில்லை. டைல்ஸ் தரை வழுக்கும், சுவரில் சாய்க்கவும் முடியாது. பிடித்த கையை விட்டால் வண்டி விழும்.

ஞாயிறு என்றால் மனைவியின் அண்ணன் வந்துவிடுவார். தையற்கடைக்காரர். வந்தவரைப் பின்பக்கம் பிடிக்கச் சொன்னார்கள். மாமனார் கூடவே இருப்பவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு, யாரும் கேட்காமலே பொறுப்பை எடுத்துக்கொண்டார். வண்டி கொஞ்சம் ஆடினால் "ஹோல்டான்" என்பார். நின்றால் "ரைட்" என்பார்.

ஸ்டாண்டை அடியில் பொருத்தி, போல்ட்டைச் செருகி முறுக்குவது சுலபமாகவே முடிந்தது. ஸ்பிரிங்தான் உயிரை வாங்கியது. ஒரு முனையை ஸ்டாண்டில் மாட்டியாயிற்று. மறு முனை வண்டியின் கொக்கிக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றுகொண்டு வரமாட்டேன் என்றது. குறடால் இழுத்தார். பல்லைக் கடித்து இழுத்தார். கடைசியில் தரையில் படுத்து, துண்டைக் கட்டி, சுவரில் காலை உதைத்து இழுத்தார். விர்ரென்று ஒரு சத்தம். ஸ்பிரிங் இரண்டு பக்கமும் விட்டுக்கொண்டு போயே போய்விட்டது.

போனதுதான் தெரியும். விழுந்த சத்தம் கேட்கவில்லை. சோபாவுக்கு அடியில் பார்த்தார், செருப்புகளுக்குள் பார்த்தார், மச்சானின் சட்டைக் காலருக்குள் கையை விட்டுப் பார்த்தார். மூன்று பேரும் வண்டியைப் பிடித்தபடி கழுத்தை மட்டும் திருப்பித் திருப்பித் தேடினார்கள்.

அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்து வீட்டுக்காரர் இறங்கி வந்தார். ஹாலுக்குள் வண்டியை நிறுத்தினால் டைல்ஸ் என்னத்துக்கு ஆகும் என்று அவர் தொடங்குவதற்குள், மாமனார் "சார், இந்த ஓரத்தைக் கொஞ்சம் பிடிங்க" என்று தன் கையை ஒரு தடவை உதறிவிட்டு மறுபடி சீட்டைப் பிடித்துக்கொண்டார். கண்டக்டர் குரலுக்குக் கட்டுப்படாத மனிதர் உண்டா? வீட்டுக்காரர் பிடித்துவிட்டார். பிடித்த பிறகு விட வழியில்லை. ஆகவே பிடித்துக்கொண்டே டைல்ஸைப் பற்றிய புகாரைச் சொல்லி முடித்தார்.

நானேக்காரர் டீ போட்டுக்கொண்டுவந்து ஒவ்வொருவர் வாயிலும் தம்ளரை வைத்துக் கொடுத்தார். மச்சானின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்து, "ஒரு நிமிஷம் இருங்க, கனெக்ட் பண்றேன்" என்று சொல்லி மச்சான் காதில் வைத்தார். மறுமுனையில் இருந்த அம்மாவுக்கு இரண்டு ஜாக்கெட்டும் செவ்வாய்க்கிழமை கிடைக்கும் என்று பதில் போயிற்று.

வேர்த்து ஊற்றுகிறது, ஃபேனைப் போடுங்க மாப்பிள்ளை என்றார் மாமனார். நானேக்காரர் சமையலறைக்குப் போய் சுவிட்சைத் தட்டினார். விசிறி ஒரு சுற்று சுற்றியது. இறக்கையின் மேலே இவ்வளவு நேரம் சொகுசாகப் படுத்திருந்த ஸ்பிரிங் டங்கென்று வீட்டுக்காரரின் வழுக்கைத் தலையில் இறங்கியது. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் கை வண்டியை விடவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவருக்கு இருந்த மரியாதையே வேறு.

இந்த முறை மச்சான் ஒரு யோசனை சொன்னார். கோட்டுப் பொத்தான் தைக்கிற நூலைப் பல இழையாகச் சேர்த்துத் திரித்து, ஸ்பிரிங்கின் கொக்கியில் கட்டி இழுத்தார்கள். கொக்கியில் போய் உட்கார்ந்தது. நூலை அறுத்து எடுத்தார்கள். மாமனார் "ரைட்" கொடுக்க, மனைவி ஸ்டாண்டை மிதித்துத் தூக்கினாள். வண்டி பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு ஜம்மென்று நின்றது. கையை எடுத்த பிறகும் நான்கு பேரின் கைகளும் பிடித்த மாதிரியே அந்தரத்தில் நின்றன.

நானேக்காரர் பெருமையோடு நிமிர்ந்தார். மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரித்திருந்த செய்தித்தாளில் ஒன்றுமே இல்லை.

"என்னங்க, மிச்சம் எங்க?"

"மிச்சமா? ஒண்ணும் வரல."

மச்சான் சோபாவுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மாமனார் இஸ்திரிப் பெட்டியை நினைவுபடுத்தினார். இந்த வண்டியில் என் பெண் ஏறக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். விஷயம் புரியாவிட்டாலும் வீட்டுக்காரரும் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார். நானேக்காரர் திருதிருவென்று விழித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையை முழுசாகச் செய்திருக்கிறார், அதுவே குற்றமாகிவிட்டது. இதைப் போய் யாரிடம் சொல்லி அழுவது?

"வேணும்னா," என்றார் அவர், மெல்லிய குரலில், "ஏதாவது ஒரு போல்ட்டைக் கழட்டி டின்ல போட்டுடட்டுமா?"

மனைவி போய் டூல்ஸ் பெட்டியைத் தூக்கினாள். அவருக்குப் பாதி உயிர் போய்விட்டது. பெட்டி நகர்ந்த இடத்தில், பின்னால், பழைய சைடு ஸ்டாண்ட் அதன் போல்ட்டோடும் ஸ்பிரிங்கோடும் கிடந்தது.

"அப்பா, மிச்சம் இருக்கு," என்றாள்.

எல்லோருக்கும் மூச்சு வந்தது. இவ்வளவு பெரிய மிச்சம் அந்த வீட்டில் அதுவரை வந்ததே இல்லை. மாமனார் வாயில் விரலை வைத்து நீளமாக விசில் கொடுத்தார். பிஸ்கட் டின்னில் அது அடங்காததால் சுவரில் ஆணி அடித்து மாட்டினார்கள். மனைவி பெட்டியை அதன் இடத்திலேயே வைத்துவிட்டு, நாளைக்கு ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலையே ஓடவில்லை. பல்வலிக்காரரைப் பிரசவ வார்டுக்கு கனெக்ட் பண்ணிவிட்டார்.

சாயங்காலம் மனைவி வந்தாள். வண்டி நன்றாகத்தான் இருந்தது. அவள்தான் நொண்டிக்கொண்டு வந்தாள். வண்டி எங்கேயும் விழவில்லையாம், மண்ணில் கல்தூண் மாதிரி நின்றதாம். ஆனால் மீட்டர் பார்க்கிற வேலையில் வீட்டுக்கு வீடு நிறுத்த வேண்டுமே. ஒவ்வொரு வாசலிலும் மிதித்துத் தூக்கி, தள்ளி இறக்கி, மறுபடி தூக்கி, இடுப்பு கழன்றுவிட்டது. வெந்நீர் வாளியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். விஷயம் தெரிந்துகொள்ள மச்சானும் வந்திருந்தார். நானேக்காரர் தீர்ப்புக்குக் காத்து நின்றார்.

"அந்தப் பெட்டியைக் கொண்டாங்க," என்றாள்.

முடிந்தது கதை என்று நினைத்தார். உள்ளே போய்ப் பெட்டியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்து எடுத்து வந்தார். அவளுக்கு முன்னால் வைக்க மனம் வராமல் கையிலேயே வைத்திருந்தார். அவள் எட்டி ஆணியிலிருந்து சைடு ஸ்டாண்டை எடுத்து அந்தப் பெட்டியின் மேல் வைத்தாள்.

"மண்ணுக்கு அது, ரோட்டுக்கு இது. ரெண்டும் வேணும்."

நானேக்காரர் பெட்டியையும் ஸ்டாண்டையும் மாறி மாறிப் பார்த்தார். முனைக்கடை மெக்கானிக்கை வேண்டுமானால் கூட்டி வரட்டுமா என்று கேட்டார். அப்படி அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

"எதுக்கு ஆளைக் கூப்பிடணும்?" என்றாள் அவள். "நீங்களே மாட்டுங்க."

கல்யாணம் ஆன நாளிலிருந்து, ஒரு சாமானைக் காட்டி இதைச் சரி பண்ணுங்க என்று அவள் கேட்டதே இல்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணில் கிரீஸ் பட்டுவிட்டது என்றார். பெட்டி இன்னும் திறக்கப்படவே இல்லை.

வண்டி சென்டர் ஸ்டாண்டில் அசையாமல் நின்றது. யாரும் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் அவர் பெட்டியைத் திறந்து உட்கார்ந்ததும், மனைவி ஈரக்காலோடு எழுந்து வந்து கைப்பிடியைப் பிடித்தாள். மச்சான் பின்பக்கம் போனார். மாமனார் சீட்டைப் பிடித்துக்கொண்டு "ஹோல்டான்" என்றார். ஸ்பேனர் சத்தம் கேட்டு மாடியிலிருந்து வீட்டுக்காரர் தலையில் ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு இறங்கி வந்து, தன் ஓரத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டார். வண்டி விழாது, கையை விடுங்கள் என்று நானேக்காரர் சொல்லிப் பார்த்தார். ஒருவரும் விடவில்லை.

வேலை முடிந்து பார்த்தால் செய்தித்தாளில் ஒரு சின்ன வாஷர் கிடந்தது. மனைவி அதை எடுத்து, துடைத்து, பிஸ்கட் டின்னில் போட்டு மூடினாள்.