ஒரு வெடி, ஒரு துடைப்பு

"…ஒவ்வொரு வெடிக்கும் பிறகு குழலைத் துடைக்கவேணும். முதல் பத்துக்கும் அப்பிடிச் செய்தால்தான் புதுத் துவக்கு குறி தப்பாது" என்று ஹான்ஸ் ஜெர்மனில் சொல்ல, பக்கத்து அறைச் செல்வம் அண்ணை அம்மாவுக்குத் தமிழில் சொன்னார்.

இன்று தையல் மெசினுக்கு எண்ணெய் விட்டபோது ஹான்ஸின் கையில் வீசிய துவக்கெண்ணெய் மணம் வந்தது. அந்த மனுசனைக் கும்பிடத் தோன்றியது.

எண்பத்தைந்தில் ஜெர்மனியில் நாங்கள் இருந்த ஹைமுக்கு, அகதிகள் விடுதிக்கு, பின்னால் குறிபார்த்துச் சுடுகிறவர்களின் கழகம் ஒன்று இருந்தது; ஹான்ஸ் அங்கே சுடுகிறவர். ஆமிக்குப் பயந்து ஓடிவந்த எங்களுக்கு வெடிச்சத்தத்தைவிட, அடுத்த வெடிவரை நீளும் அமைதிதான் பயம். நானும் தங்கச்சியும் கட்டிலுக்குக் கீழே கிடந்தோம். பொறுக்கேலாமல்தான் அம்மா எங்களையும் இழுத்துக்கொண்டு வேலியடிக்குப் போய், ஏன் இப்படி விட்டுவிட்டுச் சுடுகிறார் என்று கேட்டா.

"வடிவாத் துடைக்கட்டும், தம்பி. ஆனா அடுத்தது எப்ப வெடிக்குமெண்டு தெரியாமல் என்ர பிள்ளையள் சோறும் தின்னுதுகள் இல்லை. அதையும் சொல்லும்."

செல்வம் அண்ணை சொன்னார். ஹான்ஸ் எங்களைப் பார்த்தார்.

அன்று மிச்சமிருந்த ஒவ்வொரு வெடிக்கும் முன்னால் அவர் துவக்கை உள்ளே வைத்துவிட்டு வேலியடிக்கு வந்தார். நாங்கள் திரும்பிப்போய் நின்ற யன்னலைப் பார்த்து, இனி ஒரு வெடி என்று ஒரு விரலைத் தூக்கி, அம்மா தலையாட்டும்வரை அங்கேயே நின்றார்.