இழவு வீட்டில் தாளித்த மொச்சை

கண்டிக்கு ரயில் வருவதற்கு முந்திய மார்கழி, வளர்பிறை ஏழாம் நாள் காலை. எதையும் நாள் சொல்லித் தொடங்குவது என் வழக்கம். அன்று அந்த வழக்கத்தைத் தவிர எனக்கு வேறு துணை இல்லை.

என் கணவருக்குக் காப்பிக் கிடங்கில் வேலை. மூட்டை ஏற்றிய மாட்டுவண்டிகளோடு கடுகண்ணாவை மலை இறக்கத்தில் இறங்கிக் கொழும்புக்குப் போவார். திரும்பிவர இரண்டு வாரமாகும். அப்போதும் போயிருந்தார். முந்தின இரவு ஊறப்போட்ட காய்ந்த மொச்சையை நான் வடித்துக்கொண்டிருந்தபோது, வேறொரு கிடங்கின் வண்டிக்காரர் வாசலில் வந்து நின்றார். கொழும்புக்குப் போகிற வழியில், கேகாலையில் வாந்திபேதி என்றார். பிறகு அழத் தொடங்கினார்.

"அமாவாசை அன்னிக்கு சாயந்திரம் ஒங்க வீட்டு அண்ணன பொதைச்சிட்டாங்க தங்கச்சி. என் கண்ணால பாத்தேன்."

"மொகத்த பாத்தீங்களா?"

"பாயில சுத்தியிருந்துச்சு. செவப்புத் துண்டு வெளிய தெரிஞ்சுது."

அந்தச் சாலையில் பாதிப் பேர் தலையில் சிவப்புத் துண்டுதான்.

முற்றத்துக்கு வெயில் வருவதற்குள், சேதி கேட்டு என் நாத்தனாரும் சின்ன மாமனாரும் வந்துவிட்டார்கள். நாத்தனார் கையில் வெள்ளைச் சேலை இருந்தது. சின்ன மாமனார் உட்காரக்கூட இல்லை.

"ஏழு நாள் ஏற்கெனவே போயிருச்சு. பதினாறாம் நாள் கருமாதி. அன்னிக்குத் தாலி எறக்கிரணும்."

"மாமா, அமாவாசை அன்னிக்கு உச்சிப் பொழுதுல இந்த முத்தத்துலதான் அவங்க காக்காவுக்குச் சோறு வச்சாங்க. நான் போட்ட எலையில சாப்பிட்டுட்டுத்தான் கெளம்புனாங்க. மாட்டுவண்டி கேகாலைக்குப் போக ரெண்டு நாளாவது ஆகும். அன்னிக்குச் சாயந்திரமே அங்க எப்பிடிப் பொதைப்பாங்க?"

"நாள தப்பா சொல்லியிருப்பான். அதுக்காகச் சாவு தப்பாகுமா?"

வண்டிக்காரர் நல்லவர், பொய் சொல்ல அவருக்குக் காரணமும் கிடையாது. ஆனால் பதில் தெரியாத கேள்விக்காகத் தாலியைக் கழற்றிக் கொடுக்க நான் தயாராக இல்லை. நாத்தனார் தலைமயிரை அவிழ்த்துவிட்டு ஒப்பாரியைத் தொடங்கினார். நான் அடுக்களைக்குப் போனேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. சாவு விழுந்த வீட்டில் கருமாதி முடியும்வரை தாளிக்கக் கூடாது. கடுகு வெடிக்கும் வாசம் ஒரு வீட்டிலிருந்து வந்தால், அங்கே துக்கம் இல்லை என்று தெரு முழுவதும் புரிந்துகொள்ளும்.

மண்சட்டியில் மொச்சையைப் போட்டு, கவாத்து வெட்டிய காப்பிக் கிளைகளை அடுப்பில் வைத்து ஊதினேன். மொச்சை லேசில் வேகாது. புளியை முன்னாலேயே ஊற்றிவிட்டால் அப்புறம் எவ்வளவு எரித்தாலும் கல்லாகவே கிடக்கும். ஆகவே காத்திருந்தேன். கூடத்தில் நாத்தனார் என் கணவரைப் பாட்டிலேயே பாடையேற்றி, சுடுகாட்டுக்கும் அனுப்பிவிட்டார். நான் அம்மியில் வற்றல் மிளகாயும் மல்லியும் அரைத்தேன். ஒப்பாரி உரத்தபோதும் அரைப்பதை நிறுத்தவில்லை.

நாத்தனார் நிலைப்படியில் வந்து நின்றார்.

"ஏ புள்ள, எழவு வீட்டுல அடுப்பா?"

"மொச்ச ஊறிருச்சு மதினி. விட்டா மொள விட்டுரும்."

"என் தம்பி போயிட்டான். ஒனக்கு மொச்ச கேக்குதா?"

"ஒங்க தம்பி வந்தா அவங்களுக்கும் பசிக்கும்ல."

"கல்லுடி நீ!"

மொச்சை வெந்து மலர்ந்தது. அரைத்ததைக் கரைத்துவிட்டு, பச்சை வாடை போனபின் புளி ஊற்றி, உப்புப் போட்டுக் கொதிக்கவிட்டேன். பிறகு இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெயைக் காயவைத்து, ஒரு பிடி கடுகைக் கொட்டினேன். ஒரு சிட்டிகை போதும். நான் வேண்டுமென்றே ஒரு பிடி போட்டேன். அது வெடித்த சத்தத்தில் ஒப்பாரி நின்றது. வெங்காயத்தையும் கறிவேப்பிலையையும் போட்டுச் சட்டியில் கவிழ்த்தேன்.

அப்போதுதான் தெருப் பெண்கள் ஐந்தாறு பேர் கூந்தலை அவிழ்த்தபடி அழுதுகொண்டு வந்தார்கள். வாசம் அவர்களை வாசலிலேயே நிறுத்தியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முன்னால் நின்றவள் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டே கேட்டாள்:

"என்னக்கா, எழவு இல்லையா?"

"இல்ல. வாங்க, சாப்பிடலாம்."

யாரும் உள்ளே வரவில்லை. ஆனால் அழவும் இல்லை. அழாமலே திரும்பிப் போனார்கள். சின்ன மாமனார் வாசலில் துப்பிவிட்டுப் போனார். நாத்தனாரும் சேலையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தார். நான் தனியாக உட்கார்ந்து சோற்றில் மொச்சைக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டேன். இலையில் எதையும் மிச்சம் வைக்கவில்லை. மறுநாளும் தாளித்தேன். அதற்கு மறுநாளும்.

என் கணவர் வந்தது திருவாதிரைக்கு மறுநாள் மாலை. கேகாலையில் புதைத்தது வேறு யாரோ ஒரு வண்டிக்காரரை. நாத்தனார் ஓடிவந்து, "ஒன் தாலி பாக்கியம்டி" என்று என் கன்னத்தைத் தடவினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவர் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "நான் உசுரோட இருக்கேன்னு ஒனக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

"தெரியாது. நீங்க செத்துட்டீங்கன்னு சரியாச் சொல்ல அவங்களுக்கும் தெரியல. தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்லட்டும், அப்புறம் அழுதுக்கலாம்னு இருந்தேன்."