வெற்றுத்தாளில் ஐயாவின் கையெழுத்து

போன கிழமை எனக்கும் கொம்பியூட்டருக்கும் சண்டை. சாதாரண பயனராக உள்ளே போனால், எதைத் தொட்டாலும் நிர்வாகியின் பாஸ்வேர்ட் கேட்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை தரம்தான் அடிப்பது? பொறுமை போய்விட்டது. ஒரு குறுக்குவழி எழுதிவைத்தேன் – ஒரே எழுத்தைத் தட்டினால் எந்தக் கட்டளையும் நிர்வாகியின் பெயரில் ஓடும். கேள்வி கிடையாது.

மூன்றாம் நாள், வாசிக்காமல் தட்டிய ஒரு கட்டளையால் என் படங்கள் முழுவதையும் நானே அழித்துவிட்டேன்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இதே கூத்தை எண்பத்துநான்கிலேயே ஊர்காவற்றுறையில் ஆடியவன் நான்.

அங்கே ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். பெரிய ஐயா யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர். பஸ் ஓடினால்தான் ஐயா! ஆகவே வருகிற நாளில் இருபது வெற்றுத்தாள்களின் அடியில் கையெழுத்து வைத்துத் தந்துவிடுவார்.

"அவசரமெண்டால் மட்டும் பாவியும், தம்பி."

எனக்கு எல்லாமே அவசரம்தான். மேலிடத்துக் கடிதங்களில் பாதிக்கு ஒரே கேள்வி – ஆட்சேபனை உண்டா? 'எமக்கு ஆட்சேபனை இல்லை' என்று ஒரு ரப்பர் சீல் செய்வித்தேன். கையெழுத்துக்கு மேல் ஒரு குத்து, கடிதத்தோடு ஒரு குண்டூசி, ஒரு மணி பஸ்ஸில் தபால் பை. வாசிப்பதா? அதற்கு எங்கே நேரம்...

ஒரு மாதம் கழித்து எனக்கு நெடுந்தீவுக்கு இடமாற்றம் வந்தது. கந்தோர்ப் பெரியவருக்கு ஆட்சேபனை இல்லையாம். இணைத்திருந்த பதிலின் பிரதியில், ஐயாவின் கையெழுத்துக்கு மேல் என் குத்து, கொஞ்சம் சரிவாக.

கலியாணம் முடித்து இரண்டு மாதம்தான். மனைவி வேலணையில். நெடுந்தீவுக்குப் பாலம் இல்லை, லோஞ்ச் என்கிற மோட்டார்ப் படகுதான்; எனக்கோ அதை நினைத்தாலே வயிற்றைப் பிரட்டும். தரைப்பாலத்தால் பஸ்ஸில் போய்வந்த தீவான் நான். உண்மையாகவே அழுகை வந்தது.

ஐயாவிடம் ஓடினேன். "ஐயா, இதை நீங்கள் எழுதேல்லை எண்டு ஒரு வரி எழுதினால் காணும்."

"கையெழுத்து என்ரைதானே?"

"ஓம்."

"அப்ப வெறுந்தாளிலை வைச்சனான் எண்டு எழுதவோ? எனக்கும் வேலை போயிடும். ஏலாது. நீர் வெளிக்கிடும்."

பாஸ்வேர்ட் கேட்பது நாம் யார் என்று அறிய மட்டுமா? என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு கணம் யோசிக்கவும்தான். அந்த ஒரு கணத்தை மிச்சம் பிடித்ததற்கு எனக்கு இரண்டு வருட நெடுந்தீவு.

முதல் நாள் லோஞ்சில் தலையை வெளியே போட்டபடி சத்தி எடுத்தேன். பக்கத்தில் இருந்த மீன்கார அண்ணை முதுகைத் தடவிவிட்டார்.

"இந்தப் பாடு பட்டு ஏன் தம்பி போறீர்? பெரியவரைக் கொண்டு ஏலாதெண்டு எழுதுவிச்சிருக்கலாமே?"

"அவரின்ரை கடிதம் எல்லாம் எழுதுறது நான்தான், அண்ணை."