பாதி டாக்டருக்குப் படித்த கதை

பயோமெடிக்கல் இன்ஜினியரிங்கை நான் விரும்பித் தேர்ந்தெடுத்தேன் என்று சொன்னால் அது பொய். சென்னையில் கவுன்சிலிங் நடந்த கூடத்தில் எங்கள் முறை வருவதற்குள் எலக்ட்ரானிக்ஸ் இடங்கள் திரையிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்துவிட்டன. கணினிக்கு முன்னால் இருந்தவர், விருதுநகர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பயோமெடிக்கல் மிச்சம் இருக்கிறது என்றார். அப்பா சிவகாசி அச்சகம் ஒன்றில் காகிதம் வெட்டும் மெஷினில் வேலை பார்ப்பவர். எதையும் அளக்காமல் வெட்ட மாட்டார்.

"அது டாக்டர் வேலைங்களா, இஞ்சினியர் வேலைங்களா?" என்று கேட்டார்.

"ரெண்டும்தான்" என்றார் அந்த அதிகாரி. எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. அப்பாவும் அன்றைக்கு மட்டும் அளக்காமல் தலையாட்டிவிட்டார். என் எதிர்காலம் இரண்டே நிமிடத்தில் முடிவானது. அதே கூடத்து வாசலில் டீ குடிக்க எங்களுக்குப் பத்து நிமிடம் ஆனது.

ஆமத்தூருக்குத் திரும்பிய அன்றே அம்மா செய்தியைப் பரப்பிவிட்டாள். அவள் கம்பி மத்தாப்பு செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தாள். "எம் மக பாதி டாக்டருக்குப் படிக்கா" என்று அங்கே எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். மீதிப் பாதி என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. முதல் செமஸ்டர் விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது, சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டோடு இரண்டு பேர் காத்திருந்தார்கள். பக்கத்து வீட்டு அத்தை நேராக வந்து நாக்கை நீட்டினாள்.

"அத்தை, நான் மெஷினத்தான் பாப்பேன். மனுசரப் பாக்க மாட்டேன்."

"அதுக்கென்னத்தா, மனுசரும் மெஷினுதான். நீ நாக்கப் பாரு."

பார்த்தேன். நாக்கு சிவப்பாக இருந்தது. அதையே சொன்னேன். அத்தை திருப்தியாகப் போனாள்.

கல்லூரியில் இதயத் துடிப்பைப் பதியும் இ.சி.ஜி. மெஷின் ஒன்று இருந்தது. அதன் மேல் எப்போதும் பச்சைத் துணி போர்த்தியிருக்கும். ஆயுத பூஜைக்கு மட்டும் துணியை எடுத்துச் சந்தனம் வைப்பார்கள். மாணவர்கள் தொட்டால் கெட்டுவிடும் என்பது துறையின் உறுதியான நம்பிக்கை. ஆகவே சீனியர்களின் ரெக்கார்டு நோட்டிலிருந்த கோட்டை நாங்கள் எங்கள் நோட்டில் வரைந்துகொண்டோம். அவர்களும் தங்கள் சீனியர்களைப் பார்த்து வரைந்தவர்கள்தான். யாரோ ஒரு புண்ணியவானின் இதயம் வருடக்கணக்காக எல்லோருடைய நோட்டிலும் சீராகத் துடித்துக்கொண்டிருந்தது. அவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளத்தான் வழியில்லை.

கடைசி வருடத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி ஆள் எடுக்க வந்தது. நேர்முகத் தேர்வு நடத்தியவர், ஏன் பயோமெடிக்கல் எடுத்தீர்கள் என்று கேட்டார். சிறு வயதிலிருந்தே ஆர்வம் என்றேன். அப்படியானால் சாஃப்ட்வேருக்கு ஏன் வருகிறீர்கள் என்றார். அதிலும் சிறு வயதிலிருந்தே ஆர்வம் என்றேன். உடனே எடுத்துக்கொண்டார். வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் வேலை கிடைத்தது. துறைத் தலைவர் அதைத் துறையின் வெற்றி என்று மேடையில் பேசினார்.

அதற்குள் அமெரிக்காவில் வங்கிகள் விழத் தொடங்கின. அங்கே விழுந்தது ஆமத்தூரில் எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் கேட்டது. உங்களை வரவேற்க ஆவலாக இருக்கிறோம், சேரும் தேதியைப் பின்னர் தெரிவிப்போம் என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அவர்களுடைய ஆவல் மாதக்கணக்கில் நீடித்தது. வீட்டில் சும்மா இருப்பதற்கு வெட்கப்பட்டு, சிவகாசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனேன். சாஃப்ட்வேர் கடிதம் வரும் வரைக்கும் என்று பேச்சு. முதல் நாள் மேனேஜர் என் சான்றிதழ்களைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரைக் கையில் கொடுத்து வாட்டர் கூலரைக் காட்டினார். பிறகு டியூப் லைட், இன்வெர்ட்டர், காத்திருப்போர் அறையின் டிவி. மருத்துவமனையின் உயிர்காக்கும் கருவி அந்த டிவிதான் என்று விரைவிலேயே புரிந்தது. அது நின்றால் மட்டும் மேனேஜரே ஓடி வருவார்.

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த ஒரு காலையில், அவசரப் பிரிவின் மூத்த நர்ஸ் என்னைக் கூப்பிட்டார். எங்களுக்கு அவர் சிஸ்டர். இருபது வருட அனுபவமும் அதற்கேற்ற கோபமும் உள்ளவர்.

"ஏத்தா இஞ்சினியரு, இந்த மெஷினத் தூக்கித் தூரப் போடு. கம்பெனிக்காரன் வந்து நல்லாருக்குன்னுட்டுப் போறான். ஆளுக்கு மாட்டுனா பேச மாட்டேங்குது."

ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று விரலில் கிளிப் மாட்டிப் பார்க்கும் மெஷின் அது. கட்டிலில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் வெறும் கோடுகள். கிளிப்பைக் கழற்றி என் விரலில் மாட்டினேன். எண் வந்தது. மறுபடி அவர் விரலில் மாட்டப் போனபோதுதான் நகத்தைப் பார்த்தேன். வெள்ளி போல் மின்னியது. எங்கள் வீட்டில் சோறு பிசைந்து வைத்த கையின் நிறம் அது.

"கம்பி மத்தாப்புல வேல பாக்கீகளா?"

"ஆமாத்தா" என்றார் மூச்சுக்கு நடுவே. "வெம்பக்கோட்டப் பக்கம். கம்பிய மருந்துல முக்குற எடம்."

கிளிப் விரலின் வழியே வெளிச்சத்தை அனுப்பித்தான் அளக்கிறது. அலுமினியத் தூள் பூசிய நகத்துக்குள் வெளிச்சம் எங்கே நுழையும்? கிளிப்பைக் கழற்றிக் கால் விரலில் மாட்டினேன். சில நொடிகளில் எண் வந்தது. இருக்க வேண்டியதைவிட மிகவும் குறைவாக இருந்தது. அதற்குள் சிஸ்டர் ஆக்சிஜனைத் திறந்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டிருந்தார். நான் சுவரோரம் ஒதுங்கி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். மெல்ல ஏறியது. 

எல்லாம் அடங்கிய பிறகு சிஸ்டர் கேட்டார். "இத காலேசுல சொல்லிக் குடுத்தாகளா?"

"இல்ல சிஸ்டர். எங்கம்மா கையும் இப்பிடித்தான் இருக்கும்."

அவர் ஃபிளாஸ்க்கிலிருந்து எனக்கும் டீ ஊற்றினார். அந்த அம்மாள் நான்காம் நாள் வீட்டுக்குப் போனார். சீசன் முடியவில்லை என்று மறு வாரமே வேலைக்கும் போயிருப்பார்.

கார்த்திகையில் சாஃப்ட்வேர் கம்பெனியின் ஆவல் முற்றிவிட்டது. இரண்டு வாரத்தில் சென்னை வந்து சேரச் சொன்னார்கள். நான் போகவில்லை என்றேன். அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏசியில உக்காந்து பாக்குற வேலைய விட்டுட்டு, இங்கன கெடந்து டியூப் லைட்டு மாட்டப் போறியாக்கும்?"

அப்பா குறுக்கிட்டார். "அங்க என்ன செய்யணும் தாயி?"

"அமெரிக்காவுல ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு புரோகிராம் எழுதணும்."

"இங்க?"

"மெஷினப் பாக்கணும். அது பேசாட்டி ஏன் பேசலன்னு கண்டுபிடிக்கணும்."

"அப்ப இங்கனயே இருக்கட்டும். மெஷின்னா நாமளும் எதாச்சும் கேட்டுக்கிடலாம்" என்று அம்மாவிடம் சொன்னார். ஒரு மனிதரின் முழு வாழ்க்கை அனுபவத்தில் பிறந்த ஆலோசனை அது என்று நினைக்க எனக்கும் ஆசைதான். மகள் சென்னைக்குப் போனால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பெட்டி தூக்க வேண்டியிருக்கும் என்பதும் அவர் கணக்கில் இருந்திருக்கலாம்.

அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள், சாப்பாட்டுத் தூக்கைக் கையில் கொடுக்கும்போது, காதில் மாட்டுகிற மாதிரி கிளிப் கிடையாதா என்று கேட்டாள். கால் விரலில் மாட்டிய கதையை அவளிடம் அன்றைக்கே சொல்லியிருந்தேன். எத்தனை பொம்பளைகள் காலை நீட்டிக்கொண்டு கிடப்பார்கள் என்றாள். அன்றே மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தேன். அவர் யோசிக்கிறேன் என்றார். தை மாதம்தான் யோசித்து முடித்தார். நானே மதுரைக்கு பஸ் ஏறிப் போய் இரண்டு கிளிப் வாங்கி வந்தேன்.